தானாகக் காயும் வரை

விரலுக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது, எனக்கு வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்று, காகிதக் கூம்பிலிருந்த பொரியையும் பொட்டுக்கடலையையும் வாயில் போட்டுக்கொண்டு, கீழே ஆம்புலன்ஸுக்கு வாழைக்கன்று கட்டுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயுத பூஜை அன்றைக்கு ஆம்புலன்ஸ்கூடக் கல்யாண வீட்டுக் கார் மாதிரி ஆகிவிடுகிறது என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் வலது கை மோதிர விரல் தனியாக ஏதோ சொன்னது. காலையில் அந்த விரல் தொட்டதெல்லாம் இரும்பு, ஸ்டீல், கெட்டி பிளாஸ்டிக். டிரிப்ஸ் ஸ்டாண்டின் குளிர்ந்த கம்பி, மருந்து ஏற்றும் பம்ப்பின் வழவழப்பான முகப்பு, தள்ளுவண்டியின் கைப்பிடி. நடுவில் ஒரே ஒரு இடம் மெத்தென்று அமுங்கிக் கொடுத்தது. கொடுத்துவிட்டுத் தானாக எழுந்து நின்றது. உளுந்தம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். ரப்பர் மாதிரி ஒன்று. பொரி வாயிலேயே நின்றுவிட்டது. ஸ்டாண்டுக்கும் பம்ப்புக்கும் சந்தனம் வைத்த கையோடு, என் மகள் கையிலிருந்து தொங்குகிற குழாயின் முனைக்கும் பொட்டு வைத்துவிட்டேன்.

வைத்தேனா? நடக்கும்போதே சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகம் வந்ததும் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. வைக்காமலும் இருந்திருக்கலாம், கையுறைப் பெட்டியைத் தொட்டிருக்கலாம், அதுகூட மெத்தென்றுதான் இருக்கும். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மோதிர விரல் நகத்தின் ஓரத்தில் மஞ்சளாகச் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் இரண்டாவது தடவை தேய்த்தேன். உள்ளே போனால் சஷ்டிகா தூங்கிக்கொண்டிருக்கிறாள், நான் விட்டுப்போன மாதிரியே, வாயை லேசாகத் திறந்துகொண்டு, முடியில்லாத தலையில் அவள் அம்மா பின்னிக் கொடுத்த பச்சைக் குல்லாயோடு. ஆனால் பம்ப்பில் விளக்கு எரிகிறது. நான் போகும்போது எரியவில்லை. மேலே சின்ன மருந்துப் பை தொங்குகிறது, சொட்டு விழுகிறது, குழாய் வளைந்து இறங்கி அவள் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் பொரி தின்றுகொண்டிருந்த நேரத்தில் யாரோ வந்து மருந்தைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த மெத்தென்ற வட்டம் இப்போது மருந்துக் குழாயின் முனைக்கு உள்ளே மறைந்திருக்கிறது. பொட்டு இருந்ததா, துடைத்தார்களா, துடைக்காமல் அப்படியே சொருகிவிட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்க்கிறேன். குழாயில் மஞ்சள் இல்லை. போர்வையில், அவள் முழங்கைக்குப் பக்கத்தில், குங்குமம் பட்ட மாதிரி ஒரு சின்னத் தீற்றல் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்தேன்.

நான் பார்க்கிற வேலை பம்ப் செட் அசெம்பிளி. கிணற்றுக்கும் போர்வெல்லுக்கும் போகிற மோட்டார் பம்ப். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் போக வேண்டும், திரும்பி வரக் கூடாது, அதற்கு வால்வு. அதனால் இந்த வார்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, மற்ற அப்பாக்கள் எல்லாம் மருந்துப் பேர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நான் அந்தக் குழாயின் முனையில் இருக்கிற பொருளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கனெக்டர் என்கிறார்கள். நான் வால்வு என்பேன். சஷ்டிகா குட்டிக் கதவு என்பாள். மேல் கையில் நுழைந்து இதயத்துக்குப் பக்கம் வரைக்கும் உள்ளே போகிற மெல்லிய குழாய், அதன் வெளி முனையில் இந்தக் கதவு. மருந்து போட ஊசி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சின் மூக்கை அந்த வட்டத்தில் வைத்து அழுத்தித் திருகினால், ரப்பர் உள்ளே இறங்கி வழிவிடும். எடுத்தால் உடனே எழுந்து மூடிக்கொள்ளும். குழந்தைக்குக் குத்தல் இல்லை, தவறிப்போய் நர்ஸின் விரலில் குத்திவிடுமோ என்ற பயமும் இல்லை. எவன் செய்தானோ, கை எடுத்துக் கும்பிட வேண்டும் அவனை. இவ்வளவு சின்ன இடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஒரு வேலை. ஜெயசீலி சிஸ்டரிடம் அதைச் சொன்னேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அவர்தான், தூத்துக்குடிப் பக்கம். சிரித்துவிட்டுச் சொன்னார்: “சஷ்டிகா அப்பா, கதவு நல்ல கதவுதான். ஆனா வாசப்படியில அழுக்கு இருந்தா, கதவு தொறக்கையில அதுவும் சேர்ந்து உள்ள போயிரும்லா? உள்ள போனா நேரா ரத்தம். இந்தப் பிள்ளைகளுக்கு எதுத்து நிக்கச் சக்தி கிடையாது.” அதனால் ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன்னால் ஸ்பிரிட் பஞ்சு வைத்து அந்த முகத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். ஒப்புக்கு ஒரு தடவல் தடவினால் போதாது. திருகாணியைத் திருகுகிற மாதிரி சுற்றிச் சுற்றித் தேய்க்க வேண்டும். பிறகு காய விட வேண்டும். காய்வதுதான் கிருமியைக் கொல்கிறது என்றார். அவசரத்தில் எல்லோரும் தேய்த்துவிடுவார்களாம், காயத்தான் விட மாட்டார்களாம்.

அங்கேதான் என் மகள் வருகிறாள். நினைக்கும்போதே, இந்தப் பயத்துக்கு நடுவிலேயே, நெஞ்சு விரிகிறது, என்ன செய்ய. எத்தனை நேரம் தேய்க்க வேண்டும், எத்தனை நேரம் காய வேண்டும் என்று கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, சஷ்டிகா ஒரு பாட்டுக் கட்டினாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறவள், பாதி நாள் பள்ளிக்கூடமே போகாதவள். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு மதியம் முழுக்க முனகிக்கொண்டே இருந்தாள், வலிக்கிறதாக்கும் என்று நான் பயந்துபோனேன். பார்த்தால் பாட்டு. குட்டிக் கதவே குட்டிக் கதவே, குளிக்க வாயேன் நீ. சுத்திச் சுத்தி அழுக்குத் தேய்ச்சா, சோறு ஊட்டுவேன் நான். ஊதாதீங்க விசிறாதீங்க, ஊருத் தூசி வரும். தானாக் காயும் தானாக் காயும், தங்கக் கதவே வா. முதல் பாதி முடிகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். இரண்டாம் பாதியில் நர்ஸ் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். கடைசி வரியை அவள் வேண்டுமென்றே இழுப்பாள், தா...னாக் கா...யும் என்று, நர்ஸ்கள் நெளிவார்கள். ஜெயசீலி சிஸ்டர் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை பாட விட்டுப் பார்த்தார். “சரியா இருக்குட்டி, வேணும்கிறதுக்கு மேலயே இருக்கு” என்றார். இப்போது இந்த வார்டில் எல்லாக் கட்டிலிலும் அந்தப் பாட்டுத்தான். பேச்சு வராத குழந்தைக்கு அதன் அம்மா பாடுகிறாள். பக்கத்துக் கட்டில் ஷாஹிதாவின் மகன் டியூனை மாற்றிக் குத்துப்பாட்டாகப் பாடுவான், சஷ்டிகாவுக்குக் கோபம் வரும். வேறு மாடியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார், பஞ்சால் ஒரு தொடல் தொட்டுவிட்டுச் சிரிஞ்சை நீட்டினார். இவள் கையை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டு, “இன்னும் பாட்டே ஆரம்பிக்கலைங்க சார்” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மீசையைத் தடவிக்கொள்ளக் கை போனதை எப்படியோ அடக்கினேன். அன்றைக்கு வீட்டிலிருக்கிற என் மனைவி ரேணுகாவிடம் போனில் இதை எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அவள் அந்தப் பக்கம் அழுதாள், சிரித்தாள். “உங்களையாட்டவே வாய்க் கொழுப்புங்க அவளுக்கு” என்றாள்.

அப்படிப்பட்டவளின் அப்பன் செய்த வேலையைப் பாருங்கள். பூஜைக்கு வார்டுக்குள் பூ கூடாது, சாம்பிராணி கூடாது, பொரி கடலையெல்லாம் லிஃப்டுக்குப் பக்கத்தில்தான் என்று ஜெயசீலி சிஸ்டர் முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சந்தனமும் குங்குமமும் மட்டும், அதுவும் மெஷினுக்கு மட்டும். கிண்ணத்தை என் கையில் கொடுத்து, “நீங்க ஒர்க்‌ஷாப்காரர்லா, வரிசை தப்பாம வைப்பீங்க, ஸ்டாண்டுக்கும் பம்ப்புக்கும் நீங்களே வச்சிருங்க” என்றார். எத்தனை பேர் இருக்கும்போது என்னிடம் கொடுத்தார். எனக்கு அது ஒரு மரியாதை. இந்த வார்டுக்குள் வந்த நாளிலிருந்து எனக்கு எந்த வேலையும் இல்லை. சொல்கிற இடத்தில் உட்கார், கேட்கிற இடத்தில் கையெழுத்துப் போடு, அவ்வளவுதான். கையில் கிண்ணம் வந்ததும் பழைய கனகராஜ் ஆகிவிட்டேன். பட்டறையில் வருஷா வருஷம் நான்தான் பொட்டு வைப்பேன். லேத்துக்கு, டிரில்லிங் மெஷினுக்கு, பெஞ்ச் வைஸுக்கு, அதோடு நிற்காது. ஸ்பேனர் செட்டில் ஒவ்வொன்றுக்கும், எண்ணெய்க் கேனுக்கு, அரத்துக்கு, மூலையில் கிடக்கிற உடைந்த ஸ்க்ரூ டிரைவருக்குக்கூட. வருஷம் பூராவும் உழைத்த பொருளில் ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு வைத்தால் விட்டுப்போனது மனசுக்குள் வருத்தப்படும் என்று எங்களுக்கு ஒரு எண்ணம். அதனால் கண் தேடும், விரல் தானாகப் போகும். ஒவ்வொரு கட்டிலாக வைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில் என் மகள் கட்டில். ஸ்டாண்டுக்கு வைத்தேன், பம்ப்புக்கு வைத்தேன். அவள் கை போர்வைக்கு வெளியே கிடந்தது, குழாய் முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, மருந்து எதுவும் ஓடவில்லை. இத்தனை மாதமாக ஒரு தடவைகூடக் கோளாறு செய்யாமல் என் பிள்ளைக்காக உழைத்த பொருள் எது என்று யாராவது கேட்டால் நான் எதைக் காட்டியிருப்பேன்? மனசு நினைக்கக்கூட இல்லை. விரல் போய்விட்டது. முதலில் சந்தனம், அதன் நடுவில் ஒரு புள்ளி குங்குமம். அழகாகக்கூட இருந்தது. இப்போது கண்ணுக்கு வருகிறது, மஞ்சளுக்கு நடுவில் சிவப்பு. வைத்தேன். சந்தேகமே இல்லை, வைத்தேன். கிண்ணத்தில் எத்தனை பேர் விரல் விட்டிருப்பார்கள். சந்தனத்தைக் குழைத்தது எந்தத் தண்ணீரோ.

சொட்டு விழுகிறது. துடைத்திருப்பார்கள். துடைக்காமல் போட மாட்டார்கள், இது இந்த வார்டு. ஆனால் அவள் தூங்குகிறாள். தூங்கினால் யார் பாடினார்கள்? பாட்டில்லாமல் வேலை நடந்தால்? இன்றைக்குக் காலை முறையில் புதிதாக வந்த பெண், அபிராமி, வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, குழந்தைகள் அபி அக்கா என்று கூப்பிடுகிறார்கள். பூஜை நாள், ஆள் குறைவு, அவசரம். பொட்டைப் பார்த்திருந்தால் என்னைத் தேடி வந்திருப்பாளே. தேடி வரவில்லை என்றால் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றால் துடைக்கவில்லை. அல்லது பார்க்காமலே துடைத்திருக்கலாம், கை பழக்கத்தில். பஞ்சால் தேய்த்தால் சந்தனம் போய்விடுமா? அந்த வட்டத்தின் நடுவில் முடி போல ஒரு கீறல் இருக்குமே, மூக்கு நுழைகிற வழி, அதற்குள் இறங்கியிருந்தால்? பட்டறையில் வால்வு சீட்டில், அது உட்கார்ந்து மூடுகிற இடத்தில், ஒரு மணல் மாட்டினால் தெரியும் எனக்கு. வெளியே எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. சஷ்டிகாவின் நெற்றியில் புறங்கையை வைக்கிறேன். சூடில்லை. சூடு பிறகுதான் வரும், முதலில் வருவது நடுக்கம். எனக்குத் தெரியும். வெயில் காலத்தில் ஒருமுறை வந்ததே, இன்னொரு கையில் இருந்த பழைய குழாயில். கிருமி எங்கிருந்து வந்தது என்று கடைசி வரைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. மருந்து ஏற ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், “அப்பா, குளுருது” என்றாள். போர்வை போர்த்தினேன். இன்னொன்று போர்த்தினேன். பல் கிட்டித்தது. கட்டிலின் பக்கக் கம்பி கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது, அந்தச் சத்தம், நட்டு கழன்ற மெஷின் மாதிரி. நான் அவள் மேல் கவிழ்ந்து அழுத்திப் பிடித்தேன், அழுத்தினால் நிற்கும் என்று. நிற்கவில்லை. அந்தக் குழாயை எடுத்துவிட்டுத்தான் இந்தக் கையில் புதிதாகப் போட்டார்கள். இப்போது கட்டில் கம்பியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நடுக்கம் வந்தால் கம்பிக்கு முதலில் தெரியும். ஷாஹிதா எட்டிப் பார்த்து, “என்னங்கண்ணா, பொரி தின்னு தொண்டையில சிக்கிக்கிச்சா? மூஞ்சி அப்படி இருக்கு” என்கிறாள். “ஒண்ணுமில்லைங்க” என்கிறேன். ஒன்றுமில்லை என்று சொன்ன உடனே அது ஒரு பொய்யாக வாய்க்குள் நிற்கிறது, விழுங்க முடியவில்லை. ஷாஹிதாவின் மகன் கையிலும் ஒரு குழாய் தொங்குகிறது. அவன் ஸ்டாண்டுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன்.

அவன் வால்வுக்கும் வைத்தேனா? இல்லை. மெத்தென்றது ஒரு தடவைதான். விரல் ஒன்றுதான் சொல்கிறது. ஆனால் விரலை நம்பி நான் எப்போது வேலையை முடித்திருக்கிறேன்? பட்டறையில் என் கையிலிருந்து போன பம்ப் ரிப்பேர் என்று திரும்பி வந்ததில்லை. ஊரில் என் பெருமை அது ஒன்றுதான். அது எப்படி வந்தது? ஒருமுறை லாரியில் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு, வாஷர் போட்டேனா இல்லையா என்று ஒரு நினைப்பு. போட்டிருப்பேன், போடாமல் இருக்க மாட்டேன். இருந்தாலும் லாரியை நிறுத்தி இறக்கச் சொன்னேன். டிரைவர் வைதான், முதலாளி முறைத்தார், எல்லோர் முன்னாலும் கழற்றினேன். வாஷர் உள்ளேதான் இருந்தது. சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. இருக்கிறது என்று தெரிந்தபின் அனுப்பினேன். இரும்புப் பம்ப்புக்கு லாரியை நிறுத்தியவன், பிள்ளைக்காகச் சிஸ்டரைக் கூப்பிடுகிற பட்டனை அழுத்த யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எதற்கு? சிஸ்டர் முகத்தைப் பார்க்க வெட்கம். கிண்ணத்தை நம்பிக் கொடுத்தாரே என்று. அந்தப் பெண் அபிராமிக்குத் திட்டு விழுமே என்று. சஷ்டிகா அப்பான்னா விஷயம் தெரிஞ்சவர் என்று இந்த வார்டில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது, அது போய்விடுமே என்று. போகட்டும். சொட்டு விழுகிறது, ஒவ்வொன்றாக உள்ளே போகிறது, நான் என் பேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுந்தேன். தலைமாட்டிலிருந்த பட்டனை அழுத்தினேன். அழுத்திவிட்டு யாராவது வருகிற வரைக்கும் நிற்க முடியாமல் சிஸ்டர்கள் உட்காருகிற மேஜைக்கே போனேன். ஜெயசீலி சிஸ்டர் போனில் பேசிக்கொண்டிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிஸ்டரைக் கைகாட்டி நிறுத்துகிறேன். “சிஸ்டர், சஷ்டிகா குழாய் முனையில, அந்த வால்வுமேலயே, நான் பொட்டு வெச்சுட்டனுங்க. இப்ப மருந்து ஓடுது. நிறுத்துங்க. மத்த குழந்தைங்களுக்கும் வெச்சனான்னு எனக்கு உறுதியாத் தெரியலைங்க, எல்லாத்தையும் பாத்துருங்க.”

சிஸ்டர் போனை வைத்தார். நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை. “தெரியும், சஷ்டிகா அப்பா” என்றார். காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. தெரியும் என்றால்? பக்கத்தில் அபிராமி எழுந்து நின்றாள். “அண்ணா, உங்களைத் தேடி நான் கேன்டீன் வரைக்கும் போயிட்டு வந்தேன். நீங்க லிஃப்ட்கிட்டயே இருந்திருக்கீங்க” என்றாள். பிறகு இரண்டு பேரும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள், நான் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டேன். அபிராமி மருந்தோடு போயிருக்கிறாள். கை கழுவி, கையுறை போட்டு, பஞ்சை எடுத்து, குழாயை லேசாகத் தூக்கியதும் சஷ்டிகா முழித்துவிட்டாள். முழித்ததும் பாட வாயைத் திறந்தவள் பாடவில்லை. அக்கா, நிறுத்துங்க என்று சொல்லியிருக்கிறாள். அபிராமியும் அதே நேரம் பார்த்திருக்கிறாள். “நான் தேய்ச்சா போயிரும்னு நெனச்சேன் அண்ணா, பொய் சொல்ல மாட்டேன். சஷ்டிதான், இது குளிச்சாலும் போகாது அக்கா, கதவையே மாத்துங்கன்னு சொன்னா” என்றாள். அபிராமி சிஸ்டரைக் கூப்பிட, சிஸ்டர் வந்து குழாயின் கவ்வியைப் பூட்டி, அந்த வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் போட்டிருக்கிறார். அதையும் தேய்த்து, முழுப் பாட்டும் பாடி, காய்ந்த பிறகுதான் மருந்து. மற்றக் கட்டில்களையும், யாரையும் பயமுறுத்தாமல், ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டார்கள், எங்கும் இல்லை. டாக்டருக்கும் சொல்லியாயிற்று. “பொட்டு வச்ச கதவு தொறக்கவே இல்ல, கேட்டீங்களா? ஒரு சொட்டுகூட அது வழியா உள்ள போகல. இருந்தாலும் சாயங்காலம் வரை காய்ச்சல் இருக்கான்னு பாத்துக்கிட்டே இருப்போம்” என்றார் சிஸ்டர். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். “ஏனுங்க சிஸ்டர், எனக்கு ஒரு வார்த்தை...” என்று இழுத்தேன். “அபி தேடிட்டுதான இருந்தா. நானும் இந்தப் போனை முடிச்சிட்டு வரத்தான் இருந்தேன். உங்க மக என்ன சொன்னா தெரியுமா? அப்பாகிட்டச் சொல்லாதீங்க சிஸ்டர், அப்பா ரொம்பப் பயப்படுவாங்க, பாவம்னு சொன்னா. நான் சொன்னேன், இல்லட்டி, இது சொல்லியே ஆகணும், ஆனா திட்டாமச் சொல்லுதேன்னு. அந்த ஒப்பந்தத்துக்கு அப்புறம்தான் தூங்கவே செஞ்சா.” பிறகு அவரே சொன்னார்: “தப்பு எம்மேலயும் இருக்கு. கிண்ணத்தைக் குடுக்கையில, உடம்போட சேர்ந்த எதுக்கும் வைக்காதீங்கன்னு சொல்லியிருக்கணும். அடுத்த வருசம் சொல்லிருவேன். நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா உங்க மேல எனக்குக் கோவம் வந்திருக்கும். இப்ப இல்ல.”

திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கம்பியில் கை இருக்கிறது, பழக்கத்தில். கம்பி சும்மாதான் இருக்கிறது. அப்பா ரொம்பப் பயப்படுவாங்க, பாவம். எப்போது தெரிந்தது அவளுக்கு? வெயில் காலத்தில், நான் அவள் மேல் கவிழ்ந்து அழுத்திப் பிடித்தபோது, பல் கிட்டித்துக் கிடந்தவள், கண் சொருகிக் கிடந்தவள், என் நெஞ்சு அடித்துக்கொண்டதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாளா? நான் அவளுக்குப் பயத்தைக் காட்டாமல் வைத்திருக்கிறேன் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். பம்ப் கீச்சென்று கத்தியது, மருந்து முடிந்துவிட்டது. சஷ்டிகா கண்ணைத் திறந்தாள். முதலில் மேலே பையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள், பார்த்த உடனே தெரிந்துகொண்டாள். “சிஸ்டர் சொல்லிட்டாங்களாப்பா?” “நான்தான் போய்ச் சொன்னேன் சாமி.” “நீங்களேவா?” “நானேதான்.” கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் பார்க்கிற மாதிரி. பிறகு, “அப்ப சரி” என்றாள். “ஆனா அப்பா, நல்லாத்தான் வெச்சிருந்தீங்க. ரவுண்டா இருந்துச்சு. சிஸ்டர் தூக்கிப் போடறப்ப எனக்கே பாவமா இருந்துச்சு.” பட்டறையில் இருபது வருஷம் வாங்கிய பாராட்டெல்லாம் ஒரு பக்கம் நிற்கட்டும்.

ஜெயசீலி சிஸ்டர் வருகிறார். கையைக் கழுவுகிறார், கையுறை போடுகிறார், மருந்துக் குழாயைத் திருகி எடுக்கிறார். உள்ளே மறைந்திருந்த முகம் வெளியே வருகிறது, வெள்ளையாக, புதிதாக, ஒரு கறை இல்லாமல். ரப்பர் எழுந்து மூடிக்கொண்டதை நான் பார்க்கிறேன். உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயை அலசி மூட வேண்டும், அதற்கும் முன்னால் தேய்க்க வேண்டும். பஞ்சை எடுக்கிறார். “ம், ஆரம்பிட்டி” என்கிறார். சஷ்டிகா தொண்டையைச் செருமிக்கொள்கிறாள். குட்டிக் கதவே குட்டிக் கதவே. தூக்கக் கலக்கத்தில் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது. பக்கத்துக் கட்டிலிலிருந்து குத்துப்பாட்டு சேர்ந்துகொள்கிறது, ஷாஹிதா மகன் தலையில் தட்டுகிற சத்தம் கேட்கிறது, எதிர்க் கட்டிலில் ஒரு அம்மா தாளம் போடுகிறாள். சிஸ்டரின் விரல் சுற்றிச் சுற்றித் தேய்க்கிறது, என் விரல் மடிந்து உள்ளங்கைக்குள் இருக்கிறது. சோறு ஊட்டுவேன் நான். பஞ்சு போயிற்று. சிஸ்டர் இடது கையில் குழாயைப் பிடித்தபடி, வலது கையில் சிரிஞ்சை உயரத் தூக்கி நிற்கிறார். ஊதாதீங்க விசிறாதீங்க. மூச்சு விடலாமா என்று ஒரு எண்ணம் வந்து, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விடுகிறேன். ஸ்டாண்டில் நான் வைத்த பொட்டு வரிசையாகத் தெரிகிறது, அது அங்கேயே இருக்கட்டும். தா...னாக் கா...யும், இழுக்கிறாள், இன்றைக்கு வழக்கத்தைவிட அதிகமாக இழுக்கிறாள், என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே. எத்தனையோ படித்தவர்கள், எத்தனையோ மெஷின்கள், தொங்குகிற பைகள், எல்லாம் நிற்கின்றன. சிஸ்டரின் கை அந்தரத்தில் நிற்கிறது. இன்னும் பாதி வரி இருக்கிறது. என் மகள் முடிக்கிற வரைக்கும் யாரும் அந்தக் கதவைத் தொட மாட்டார்கள்.